பொருத்தனை பண்ணின பிள்ளை வெல்டிங் படிக்கணும்னு சொன்னா?

ஒரு சகோதரி அனுப்பின கேள்வி ரெண்டு நாளா மனசுலயே நிக்குது. "ஐயா, என் மகன் வயித்துல இருக்கும்போதே, அவனை ஊழியத்துக்கு, அதாவது சபை வேலைக்குத் தர்றோம்னு கர்த்தருக்குப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணினோம். இப்போ பத்தாவது முடிச்சிட்டு, ஐடிஐல வெல்டிங் படிக்கணும்னு சொல்றான். பொருத்தனையை மீறின குற்றம் எங்க மேல வருமா?"

பயப்படாதீங்கம்மா. வேதாகமத்துல சாமுவேலோட அம்மா அன்னாளும் பொருத்தனை பண்ணினாங்க. பிள்ளையை சீலோவுல இருந்த ஆலயத்துல கொண்டுபோய் விட்டாச்சு, அவன் பணிவிடையும் செய்யறான். ஆனா 1 சாமுவேல் 3:7 பாருங்க: "சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்." அம்மா ஒப்புக்கொடுத்த பிறகும், கர்த்தர் தாமே வந்து அவனைப் பேர்சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்துச்சு.

வெல்டிங்னா அழைப்பு இல்லையா? யாத்திராகமம் 31ல கர்த்தர் பெசலெயேல்ங்கிற கைவினைக்காரரைப் பேர்சொல்லி அழைச்சு, தேவ ஆவியினால நிரப்பினேன்னு சொல்றார். எதுக்கு? பொன், வெள்ளி, வெண்கலத்துல வேலை செய்ய!

அன்னாள் தைச்ச சட்டையைப் பத்தியும் சொல்றேன். வருஷந்தோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைச்சு எடுத்துட்டுப் போவாங்க, 1 சாமுவேல் 2:19. போன வருஷ அளவுல தைச்சா தோள்ல பிடிக்கும், கை மேல ஏறிக்கும். நம்ம வீடுகள்ல அஞ்சு வயசுல விபிஎஸ்ல (லீவு வேதாகமப் பள்ளியில) பிள்ளை வசனம் சொன்னதும், "இவன் பாஸ்டர்தான்"னு சட்டை தைச்சிடறோம். பதினாறு வயசுலயும் அதையே மாட்டிவிடறோம். சொந்தக்காரங்க முன்னாடி "எங்க குட்டி பாஸ்டர்"னு கூப்பிடவும் செய்யறோம். அதுக்கப்புறம் பிள்ளை மனசுல இருக்கிறதை மறைக்கத்தான் பழகும்.

சரி, அளவு எப்படி எடுக்கிறது? இங்கிலாந்துல எப்வொர்த்ங்கிற ஊர்ல, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான், சார்ல்ஸ் வெஸ்லியோட அம்மா சூசன்னா வெஸ்லி, ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்துல ஒரு சாயங்காலம் ஒதுக்கினாங்க. வியாழன் ஜானுக்கு, சனி சார்ல்ஸுக்கு. ஜான் வளர்ந்து பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்துல கொஞ்சம் தரச்சொல்லி அம்மாவுக்கு எழுதினார்.

நீங்க அரை மணி நேரம் வைங்க. மார்க் பேச்சு வேண்டாம். இந்த வாரம் எந்த வேலையில நேரம் போனதே தெரியல? யாருக்கு உதவினே? எதுக்காக ஜெபிக்கணும்? அவன் சொன்னதை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு வாசிச்சா, திரும்பத் திரும்ப வர்ற விஷயம் கண்ணுல படும். லீவுல தெரிஞ்ச பட்டறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, வெல்டிங்குக்கான கருப்புக் கண்ணாடி வைச்ச முகக்கவசம் இல்லாம கிட்ட விடாதீங்க. தீப்பொறி எல்லாப் பையனுக்கும் பிடிக்கும். வெல்டிங் பண்ணின இடத்துல படிஞ்ச கசடைச் சுத்தியலால தட்டறதையும், இணைப்பைத் தேய்ச்சு சமமாக்கறதையும் சலிக்காம பார்க்கிறானான்னு கவனிங்க.

ஆனா அம்மா, நீங்க இன்னொண்ணு கேட்டிருக்கணும். அவனுக்குக் கர்த்தர் சத்தம் தெரியுமா? ராத்திரி கர்த்தர் கூப்பிட்டப்போ, ஆசாரியன் ஏலிதான் கூப்பிடறார்னு நினைச்சு சாமுவேல் அவர்கிட்ட ஓடினான். ஏலி ரெண்டு தடவை "போய்ப் படுத்துக்கொள்"னு அனுப்பிட்டார். மூணாவது தடவைதான் அவருக்கே புரிஞ்சுது. "சொல்லும் கர்த்தாவே"ன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார், கூடவே எழுந்து போகல. இன்னைக்குக் குடும்ப ஜெபத்துல நீங்களே ஆமென் சொல்லி முடிச்சிடாம, ரெண்டு நிமிஷம் அவனை அமைதியா இருக்க விடுங்க. என்ன கேட்டுச்சுன்னு உடனே விசாரிக்காதீங்க. ஏலியும் விடிஞ்ச பிறகுதான் கேட்டார்.