சுவருக்குள் இருந்து கத்துவது யார்?

[திரை இருட்டு. சத்தம் மட்டும் கேட்கிறது: கிரீச்... கிரீச்...]

இரவு 11 மணி. விளக்கை அணைத்துப் படுத்தாயிற்று. சமையலறைப் பக்கம் இந்தச் சத்தம் ஆரம்பிக்கிறது. எழுந்து போனால் நின்றுவிடுகிறது. திரும்பி வந்து தலையைச் சாய்த்தால், மறுபடியும்.

வணக்கம். இந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரர் சுவர்க்கோழி. சில வீடுகளில் சில்வண்டு என்பார்கள். ஆனால் பட்டப்பகலில் மரத்தில் இருந்து காதைத் துளைக்கிற சில்வண்டு வேறு பூச்சி.

நம் வீடுகளில் குடியிருப்பது பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில், குறுக்கே கறுப்புப் பட்டை போட்ட சின்ன வகை. அதற்குப் பறக்க வராது. மழை விட்டதும் ட்யூப்லைட்டைத் தேடிப் பறந்து வரும் கறுப்பு வகை வயல்காட்டுக்காரர்; இறக்கை தொடங்கும் இடத்தில் 2 மஞ்சள் புள்ளி இருக்கும். அதைப் பெருக்கி வெளியே விட்டால் போதும்.

[மிக அருகில்: முதுகின் மேல் இறக்கைகள்]

சரி, இதைக் கவனியுங்கள். சத்தம் வாயிலிருந்து வரவில்லை. ஒரு முன்னிறக்கையின் அடியில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகப் பற்கள். இன்னொரு இறக்கையின் விளிம்பு அதன் மேல் உரசுகிறது. ஆண் மட்டும்தான் இப்படிப் பாடும், பெண்ணைக் கூப்பிட. அதைக் கேட்கிற காது எங்கே தெரியுமா? முன்னங்காலில், முட்டிக்குக் கொஞ்சம் கீழே.

நீங்கள் கிட்டே போனதும் அது வாயடைத்துப்போவது ஏன்? பின்பக்கம் வால் மாதிரி 2 நீட்டல்கள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய முடிகள் காற்று லேசாக அசைந்தாலே உணர்ந்துவிடும். அதனால் அதிராமல் நடங்கள். சத்தம் நின்ற இடத்திலேயே நீங்களும் நில்லுங்கள். அசையாமல் 2 நிமிடம் பொறுத்தால் மறுபடி பாடும். அப்போது 2 அடி எடுத்து வையுங்கள். பெரும்பாலும் சிலிண்டருக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் அடியில், சிங்க் குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையில் போய் முடியும்.

பெண்ணின் பின்னால் ஊசி போல நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஈரமான மண்ணில் முட்டை வைப்பதற்கான குழல் அது. வீட்டுக்குள் தொட்டிச்செடி வைத்திருந்தால், மண் எப்போதும் சொதசொதவென்று இருக்க விடாதீர்கள்.

[மடித்த வேட்டி விரிகிறது, மடிப்பில் சின்ன ஓட்டைகள்]

உண்மையான நஷ்டம் துணியில்தான். கஞ்சி போட்ட வேட்டி, வியர்வையோடு மடித்து வைத்த பட்டுப்புடவை, சாம்பார் சிந்திய முந்தானை: கறை இருக்கிற இடத்தைத்தான் முதலில் கொறிக்கும். கட்டிய புடவையைக் காற்றாட விட்டு, கறையை எடுத்துவிட்டு அப்புறம் பீரோவில் வையுங்கள். எத்தனை வருடம் பாதுகாத்த புடவையாக இருந்தாலும் ஒரே ஒரு கறை போதும்.

மருந்து அடிக்கலாமா என்று கேட்பீர்கள். குழந்தை தவழ்கிற தரையில், பாத்திரம் கவிழ்க்கிற மேடையில், ஒரு பூச்சிக்காக விஷம் தெளிக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீங்கள் அடிப்பது பாடுகிற ஆணை. பாடாத பெண்ணும் குஞ்சுகளும் இடுக்கில் பத்திரமாக இருக்கும். அவற்றுக்கு வேண்டியது ஈரமும் எச்சிலும் இடுக்கும். சொட்டுகிற குழாயைச் சரிசெய்யுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவே கழுவுங்கள். குழாய் ஓட்டையை வெள்ளை சிமெண்ட் வைத்து அடையுங்கள். வாசல் கதவின் அடி இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள். பல்லியை விரட்டாதீர்கள், அது இவற்றைப் பிடித்துத் தின்னும்.

இருப்பதைப் பிடிக்க ஒரு வழி. வாய் அகன்ற கண்ணாடி பாட்டிலில் ஒரு விரல் உயரத்துக்கு வெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏறுவதற்கு வசதியாக வெளிப்பக்கம் பழைய துணியைச் சுற்றுங்கள். சத்தம் வந்த சுவரை ஒட்டி வைத்துவிட்டுப் படுங்கள்.

[காலை வெளிச்சம். பாட்டிலுக்குள் 3 சுவர்க்கோழிகள். அதில் 2 பெண்.]