முளையிலே தெரியும் நோய்

(மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டுத்தோட்டக்காரர்கள் கூட்டத்துக்கென எழுதிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, யாங் பெர்ஹோர்மாட் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, பினாங்குத் தீவிலிருந்து பாலம் கடந்து வந்திருக்கும் டத்தோ அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, விவசாய இலாகா அதிகாரிகளே, முன்வரிசையில் மிளகாய்த் தொட்டியை மடியில் வைத்திருக்கும் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், ஒரு பலாக்கன்று கொடுங்கள் என்று டத்தோ அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பெரிய மனத்துக்கு நம் எல்லார் சார்பிலும் நன்றி.

பயிர் நோய்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நோய்க்குக் காரணம், அதை அடையாளம் காணும் வழி, தடுக்கும் முறை, மண்ணின் நலம் என்று நான்கு பகுதியாகச் சொல்கிறேன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். பயிருக்கு வரும் நோயும் முளையிலேயே தெரியும். பார்க்கத் தெரிந்த கண் வேண்டும், அவ்வளவுதான்.

முளையிலேயே தொடங்குவோம். கத்தரி, தக்காளி, மிளகாய் விதைத்த தட்டில் நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு நைந்து சாய்ந்து கிடக்கும். இது நாற்றழுகல். பித்தியம் முதலான மண்வாழ் கிருமிகளின் வேலை. நெருக்கி விதைப்பதும், தட்டில் நீர் தேங்க விடுவதும், பழைய மண்ணையே திரும்பப் போடுவதும் அவற்றுக்கு விருந்து. இடைவெளி விட்டு விதையுங்கள். அடியில் ஓட்டை உள்ள தட்டில் புது மண் போடுங்கள். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூளைக் கலந்து விதைப்பது நல்ல காப்பு. வீட்டுக்கு ஒரு பிடி விதைதான் என்றால் ஒரு சிட்டிகை போதும்.

காரணங்கள் பெரும்பாலும் மூன்று இனம்: பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கடையில் போய் "செடி வாடுது, மருந்து குடுங்க" என்று கேட்டால், பூஞ்சை மருந்தைப் பாக்டீரியாவுக்கு அடித்துவிட்டு, செடியும் போய்ப் பணமும் போய் நிற்போம்.

பூஞ்சை ஒரு சமூகத்தின் வரலாற்றையே திருப்பிவிடும் என்பதற்கு இலங்கைக் காப்பியைவிடப் பெரிய சான்று இல்லை. நம் தென்பாண்டிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து போனார்கள். வழியில் இறந்தவர்கள் எத்தனையோ பேர். நடந்தது தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. கண்டி மலையில் மரங்களை வெட்டிச் சாய்த்து, மலைக்கு மலை காப்பி ஒன்றையே நட்டிருந்தார்கள். 1869-இல் அங்கே ஓர் இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள் தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை தரும் துருநோய். மரம் உடனே சாகவில்லை. இலை உதிர்ந்தது, துளிர்த்தது, மறுபடி உதிர்ந்தது. காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு இளைத்தது. துரைமார்கள் வானிலையைக் குறை சொன்னார்கள், உரத்தைக் குறை சொன்னார்கள். 1880-இல் மார்ஷல் வார்டு என்ற இளம் அறிஞர் இங்கிலாந்திலிருந்து வந்து, பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டார். காற்றில் வந்த பூஞ்சை வித்துகள் அதில் ஒட்டின. இலைமேல் ஈரத்துளி இருந்தால்தான் வித்து முளைக்கிறது, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது என்று காட்டினார். காற்றைத் தடுக்க இடையில் வேறு மரம் இல்லாத ஒரே பயிர்க் காடுதான் நோயை ஊர் ஊராகக் கொண்டுபோனது என்றும் சொன்னார். காலம் கடந்துவிட்டது. காப்பி போய்த் தேயிலை வந்தது. காப்பி அழிந்ததும் மலாயாவுக்குக் கப்பலேறிய துரைமார்களும் உண்டு. இங்கும் முதலில் காப்பி போட்டு, பிறகு ரப்பருக்கு மாறினார்கள். பால் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிமார் கதைக்குள் அந்த ஆரஞ்சுத் தூளும் கலந்திருக்கிறது.

விளையும் பயிர் முளையிலே தெரியும். துருவும் முதல் இலையில் தெரிந்தது. பார்த்தவர்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை.

பூஞ்சைத் தடுப்புக்கு இன்றும் கைகொடுப்பது போர்டோ கலவை. 1885-இல் பிரான்சில் திராட்சைக்காக வந்தது. பத்து லிட்டருக்கு அளவு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நல்ல சுண்ணாம்பு 100 கிராம். தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் ஐந்தைந்து லிட்டர் நீரில் கரையுங்கள். இரும்பு வாளி கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். தேய்த்த இரும்புக் கத்தியை அதில் முக்குங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அடித்தால் இலை கருகும். அன்றைக்கே அடித்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது இலைக்குப் போடும் கவசம். உள்ளே புகுந்துவிட்ட நோயை இழுத்து வெளியே போடாது. ஆகவே மழைக்காலம் தொடங்குமுன் அடிக்க வேண்டும்.

அடுத்து, கத்தரி, தக்காளியின் பாக்டீரியா வாடல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி தொங்கிவிடும். அடித்தண்டை நறுக்கி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால் நூல்போல் இறங்கினால் பாக்டீரியா. மருந்து கிடையாது. செடியை வேர்மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அதே இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் இனத்தை நடாதீர்கள். சுண்டைக்காய் வேர்மேல் ஒட்டுக்கட்டிய கன்று இதைத் தாங்கும்.

மிளகாய் இலைச் சுருட்டலைப் பார்த்ததும் "வைரஸ்" என்று சொல்லிவிடுகிறோம். இலைப்பேன் கடித்தால் இலை மேல்நோக்கிச் சுருளும். சிலந்திப்பேன் என்றால் கீழ்நோக்கிக் கவியும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், மாலை வேளையில். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துவிடும். பேன் எதுவும் கண்ணில் படாமல், இலை தடித்து மஞ்சளாகி, வெள்ளை ஈயும் பறந்தால்தான் வைரஸ் என்று சந்தேகப்படுங்கள். அந்தச் செடியைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

இந்தப் பேன்களை வெறுங்கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று போதும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இலையை இரண்டரை சென்டிமீட்டர் அருகே கொண்டுவர வேண்டும். மண்ணின் நலம் பற்றிப் பேச வேண்டிய நேரத்தை இதற்கே எடுத்துக்கொள்கிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து கைக்கண்ணாடி, ஒரு மேசை, ஒரு குறிப்பேடு. சனிக்கிழமை காலை தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிக்காரர்களும் அடுக்குமாடிக்காரர்களும் வாடிய இலையைக் கொண்டுவரட்டும். பிள்ளைகள் பார்த்து, தேதி போட்டு, படம் வரைந்து எழுதட்டும். விவசாய இலாகா அதிகாரி மாதம் ஒருமுறை வந்து அந்தக் குறிப்பேட்டைத் திருத்தட்டும். பெரிய பணம் தேவையில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பிள்ளைகளைப் பார்த்துத்தானே நாம் சொல்கிறோம்? அவர்கள் கையில் கண்ணாடியைக் கொடுக்க வேண்டாமா?

யாங் பெர்ஹோர்மாட் சட்டமன்ற உறுப்பினர் அவர்கள் முதல் ஐந்து பள்ளிகளின் பெயரை இங்கேயே அறிவிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியர்கள் மேசைக்கு இடம் ஒதுக்குங்கள். டத்தோ அவர்களே, அந்தப் பலாக்கன்றைத் தாழ்ந்த இடத்தில் நடாதீர்கள், அடித்தண்டில் நீர் தேங்கினால் அழுகிவிடும். அம்மா, அந்த மிளகாய்த் தொட்டியைக் கொஞ்சம் மேடைக்குக் கொண்டுவாருங்கள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுவோம்.