திப்புவைச் சுட்டவன் பெயர் என்ன?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, காலி வீதி நெரிசலில் பஸ் பிடித்து வெள்ளவத்தை வரை வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சரித்திரத் தொடர்கதையைத் தூக்கி நிறுத்துவது வரலாற்றில் வாழ்ந்த மன்னனா, கதாசிரியர் படைத்த போர்வீரனா? இதுதான் தலைப்பு. நான் போர்வீரன் பக்கம், அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் இரண்டு கேள்விகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உண்மையாக வாழ்ந்த மனிதர்களுக்கு நடுவில் ஒரு பொய் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தினால் வரலாறு கெட்டுப்போகாதா என்று முதலில் கேட்டார். அப்புறம், எங்கள் அணித் தலைவர் எடுத்துக்காட்டிய ரிச்சர்ட் ஷார்ப், இந்தியாவைப் பிடிக்க வந்த வெள்ளைக்காரப் படையின் சிப்பாய், அவனைக் கொழும்புத் தமிழர் நாம் ஏன் தோளில் தூக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டாவதற்குக் கைதட்டல் பலமாக இருந்தது. அதற்குக் கட்டாயம் வருகிறேன்.

ஷார்ப்பைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். பெர்னார்ட் கார்ன்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1981இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவரும் நாவல் தொடரின் நாயகன் இவன். லண்டனில் அநாதை விடுதியில் வளர்ந்தவன். அப்பா யாரென்றே தெரியாது. திருடிப் பிழைத்து, சட்டத்துக்குப் பயந்து படையில் சேர்ந்து, கடைசியில் நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் வரை போகிறான். நான் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில், மருதானைப் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு பிரதி கிடைத்தது. லண்டன் குளிரை எதிர்பார்த்துத் திறந்தேன், உள்ளே காவேரி ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கப்பட்டணம், 1799 மே 4. காவேரி நடுவில் இருக்கும் அந்தத் தீவுக் கோட்டையை ஆங்கிலேயக் கும்பினிப் படை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. திப்பு சுல்தான் கடைசிவரை கையில் ஆயுதத்தோடு நின்று நீர்வாசல் அருகே விழுகிறார். இரவில் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு பிணக்குவியலுக்குள் தேடித்தான் அவர் உடலை எடுத்தார்கள். காயப்பட்டுக் கிடந்த அவருடைய வாள்கச்சையை ஒரு சிப்பாய் பறிக்கப் பார்த்ததாகவும், அவர் அவனை வெட்டியதாகவும், அவன் திருப்பிச் சுட்டதாகவும் சொல்வார்கள். அந்தச் சிப்பாய் யார்? படைத் தளபதிகள் பெயர் தெரியும், எந்தப் படைப்பிரிவு எந்தப் பக்கத்தால் ஏறியது என்று தெரியும், கொள்ளைப் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்றுகூடக் கணக்கு இருக்கிறது. ஒரு அரசனின் கதையை முடித்துவைத்த அந்த ஆளின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்த வெற்றிடத்தில்தான் கார்ன்வெல் ஷார்ப்பை நிறுத்துகிறார். முதல் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது, அண்ணா. அவர் யாருடைய இடத்தையும் பிடுங்கி இவனுக்குக் கொடுக்கவில்லை. வரலாறு "யாரோ ஒருவன்" என்று எழுதிவிட்டுப் போன இடத்தில் ஒரு முகத்தை வைக்கிறார். மராட்டியருக்கு எதிரான அஸ்ஸாயே போரில், 1803 செப்டம்பர் 23 அன்று, பிரிட்டிஷ் தளபதி வெல்லஸ்லியின் குதிரைகள் அடுத்தடுத்து அடிபட்டன, ஆற்றைக் கடக்கும்போது அவர் பக்கத்தில் வந்த ஏவலாளின் தலையைப் பீரங்கிக் குண்டு கொண்டுபோனது. இதெல்லாம் நடந்தவை. அந்தக் குழப்பத்தில் எதிரிகள் நடுவில் விழுந்த தளபதியை ஒரு சார்ஜன்ட் காப்பாற்றினான் என்பது மட்டும் கதை. ஷார்ப் அதிகாரி ஆவது அந்தக் கதையால்தான்.

அதுமட்டுமா, நாவல் முடிந்ததும் ஒரு வரலாற்றுக் குறிப்பு வைக்கிறார், எதை மாற்றினேன் எதைக் கூட்டினேன் என்று சொல்வதற்காகவே. அவர் முதலில் எழுதிய நாவலில், ஸ்பெயினில் நடந்த டலவேரா போரில், 1809இல், ஷார்ப் பிரெஞ்சுப் படையின் கழுகுச் சின்னத்தைக் கைப்பற்றுகிறான். உண்மையில் டலவேராவில் எந்தக் கழுகும் கைப்பற்றப்படவில்லை. பிரிட்டிஷார் போர்க்களத்தில் முதல் கழுகைப் பிடித்தது 1811இல், பரோசாவில். இதை என்னிடம் எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை, ஷார்ப்பைத் துரத்திக்கொண்டு போய்த்தான் படித்தேன். பொய் மனிதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது உண்மையிடம்தான். இப்படி எந்த வரலாறு கெட்டது என்று எதிரணி சொல்லட்டும்.

இனி ஏன் அந்த இடம் வெற்றிடமாக இருந்தது என்று யோசியுங்கள். வெல்லஸ்லி எழுதிய கடிதங்களும் கட்டளைகளும் தொகுதி தொகுதியாக அச்சாகி இருக்கின்றன. சாதாரணச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. தெரிந்தவன்தான் வரலாற்றில் நிற்கிறான். கார்ன்வெல் இதை எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார் என்றால், ஷார்ப்பும் எழுத்தறியாதவன்தான். ஹேக்ஸ்வில் என்ற சார்ஜன்ட்டின் சூழ்ச்சியால் அவனுக்கு 2,000 கசையடி தீர்ப்பாகிறது. முதுகுத்தோல் உரிந்து தொங்கும்போது, இருநூறு அளவில், ஒரு ரகசிய வேலைக்கு ஆள் தேவை என்று நிறுத்துகிறார்கள். அந்த வேலையில் பிடிபட்டுத் திப்புவின் சிறையில் கிடக்கும்போதுதான், லாஃபோர்ட் என்ற அதிகாரி அவனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார். இருட்டுச் சிறை, காலடியில் தண்ணீர், வெளியே பீரங்கிச் சத்தம், உள்ளே வளர்ந்த ஒரு ஆண்மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். தொடர் முழுக்க எத்தனையோ சண்டைக்காட்சி இருக்கிறது, எனக்கு இந்தப் பக்கங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். மன்னனை நாயகனாக வைத்து இந்தக் காட்சியை எழுதவே முடியாது. மன்னனுக்குப் புலவர் இருக்கிறார், மெய்க்கீர்த்தி இருக்கிறது, கல் வெட்டுகிறவர் இருக்கிறார்.

கூலிச் சிப்பாய் அதிகாரி ஆவது நடக்கிற காரியமா என்று எதிரணி அண்ணன் இடையில் ஒரு வார்த்தை விட்டார். அந்தப் படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கினார்கள், அது உண்மை. காலாட்படையில் கேப்டன் பதவிக்கு 1,500 பவுண் விலை. அந்த முறையை 1871இல்தான் ஒழித்தார்கள். ஆனாலும் கீழிருந்து மேலே வந்தவர்கள் இருந்தார்கள். ஜான் ஷிப் என்று ஒருவர், அநாதை, சிப்பாயாகச் சேர்ந்து பரத்பூர் முற்றுகையில் உயிரைப் பணயம் வைத்து முன்னால் ஏறி அதிகாரி ஆனார், கடனுக்காகப் பதவியை விற்றார், மறுபடி சிப்பாயாகச் சேர்ந்து மறுபடி அதிகாரி ஆனார். ஷார்ப்புக்கே இரண்டு தரம் நடக்காதது அந்த மனிதருக்கு நடந்திருக்கிறது.

சரி, நம்முடைய வீட்டுக்கு வருவோம். பொன்னியின் செல்வன் என்று தலைப்பிலேயே அரசர் இருக்கிறார். 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் காத்திருந்து படித்த சனம் யாரோடு பயணம் போனது? ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் களைத்த குதிரையில் வருகிறானே, அந்த வந்தியத்தேவனோடு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் குந்தவையாரைக் குறிக்கும்போது வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்று வருகிறது. அந்த மனிதரைப் பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். மிச்சம் அத்தனையும் கல்கி தந்தது. கோடிக்கரையில் பூங்குழலியின் படகில் ஏறி அவன் ஈழத்துக்கு வந்ததால்தான் நாமும் அருள்மொழிவர்மரை இங்கே வைத்துச் சந்திக்கிறோம். அரசரை நாம் பார்க்கிறோம், வந்தியத்தேவனுக்குள் இருந்து பார்க்கிறோம். பசிக்கிறவன், பயப்படுகிறவன், வாய்விட்டு மாட்டிக்கொள்கிறவன் அவன்தான், அதனால் அவனுக்குள் நுழைய நமக்கு இடம் இருக்கிறது.

இப்போது அந்தக் கைதட்டல் கேள்வி.

ஷார்ப் ஆக்கிரமிப்புப் படையின் சிப்பாய்தான். அதை மழுப்ப நான் வரவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தை வாசிக்கும்போது என் மனம் திப்புவின் பக்கம்தான் நின்றது, ஷார்ப் அவரைக் கொல்லும் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஆனால் அந்தப் படையின் உள்ளே என்ன இருந்தது என்று எனக்குக் காட்டியவன் யார்? தன் ஆட்களையே அடித்து உரித்த படை அது. வெல்லஸ்லியே தன் சிப்பாய்களை மண்ணின் கசடு என்று எழுதியவர். ஷார்ப்பின் உயிர்த்தோழன் ஹார்ப்பர் அயர்லாந்துக்காரன், இங்கிலாந்து அடக்கி வைத்திருந்த நாட்டின் ஏழைக் கத்தோலிக்கன், சோற்றுக்காக அதே படையில் சேர்ந்தவன். முதலில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடித்துப் புரண்டவர்கள்.

பேடாஹோஸைச் சொல்லாமல் போக முடியாது. ஸ்பெயினில் இருக்கும் ஊர். 1812 ஏப்ரல் 6 இரவு, பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதை மீட்க பிரிட்டிஷ் படை சுவர் உடைப்பில் பிணத்தின்மேல் பிணமாக ஏறியது. ஏறி வென்றபின், தங்கள் பக்கத்துச் சனமான அந்த ஊர் மக்கள்மேலேயே நாட்கணக்கில் பாய்ந்தார்கள், கொள்ளை, கொலை, பெண்கள்மீது வன்முறை. நாவலில் ஷார்ப்பின் காதலி தெரேசாவும் கைக்குழந்தையும் அந்த ஊருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் ஏறிய வெற்றி வீரன், தன் சொந்தப் படையிடமிருந்து தன் பெண்ணையும் பிள்ளையையும் காப்பாற்ற வெறிபிடித்த தெருக்களில் ஓடுகிறான். அரசனையோ தளபதியையோ நாயகனாக்கினால் கதை கோட்டையில் கொடி ஏறுவதோடு முடிந்திருக்கும். கொடி ஏறியபின் தெருவில் என்ன நடந்தது என்பதைச் சிப்பாயின் கண்தான் காட்டும். இந்த நாட்டில் வாழ்ந்த நமக்கு அதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கொழும்புக்கு என்ன சம்பந்தம் என்றும் அண்ணன் கேட்டார். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் காவல் நின்ற மெரோன் என்ற சுவிஸ் கூலிப்படை, 1795இல் எஜமானை மாற்றிக்கொண்டு பிரிட்டிஷ் சம்பளத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே கொழும்பு கைமாறியது. அதே படைதான் 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சண்டையிலும் நின்றது. வெல்லஸ்லி 1800 கடைசியில் திருகோணமலையில் படை திரட்டிக்கொண்டு இருந்தவர். கொம்பனித்தெருவில் மலே வீதியும் ரைபிள் வீதியும் இன்றும் இருக்கின்றன. பிரிட்டிஷாரின் மலே படைப்பிரிவு பிறகு சிலோன் ரைபிள் படையானது, அதன் தடம்தான் அந்தப் பெயர்கள். நான் தினமும் அந்தப் பக்கத்தால் வேலைக்குப் போகிறேன். அங்கே பாளையத்தில் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்த சிப்பாய்களில் எத்தனை பேருடைய பெயரை நம்மால் சொல்ல முடியும்?

அதனால்தான் அண்ணனின் கேள்வியை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளைக்காரச் சிப்பாயை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்கிறீர்கள். நம்முடைய சிப்பாய்க்கு ஒரு ஷார்ப் இல்லை என்பதுதான் எனக்கு வலி. அஸ்ஸாயேயில் வெல்லஸ்லியிடம் இருந்த பிரிட்டிஷ் காலாட்படை இரண்டே பிரிவு. மற்றக் காலாட்படையெல்லாம் மதராஸ் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசிய ஆட்கள் அதில் நிறைய. அன்று மாலைக்குள் அந்தப் படையில் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் 1,500க்கு மேல். ஆற்காட்டுப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ ஒரு கிராமத்திலிருந்து பஞ்சத்துக்குப் படையில் சேர்ந்து, சொந்த மண்ணை இன்னொருவனுக்குப் பிடித்துக் கொடுக்கிறோம் என்று தெரிந்தோ தெரியாமலோ, கைத்னா ஆற்றுக்குள் பீரங்கிக்கு எதிரே இறங்கி நடந்தானே ஒருவன், அவனுக்கு வீட்டில் யார் இருந்தார்கள், அன்று இரவு அவன் யார் பக்கத்தில் படுத்தான், யாருக்காக அழுதான்? இதை எழுதப் பேரரசர் யாரும் உதவ மாட்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து எதிரணியிலிருந்து அக்கா பேச வருகிறார். அக்கா, உங்கள் மன்னர்களின் கதைகளில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அஸ்ஸாயேயில் ஆற்றைக் கடந்த அந்த மதராஸ் சிப்பாய்களில் ஒரே ஒருவனுடைய பெயரை மட்டும் இந்தச் சபைக்குச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள்.

நன்றி, வணக்கம்.