அப்பாவின் முதுகுக்கு அப்பால்

அனைவருக்கும் வணக்கம். பிடித்த புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ராபர்ட் பிர்சிக் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. 121 பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பிறகு, 1974இல் வெளிவந்த புத்தகம்.

கதை சின்னதுதான். 1968 கோடையில் ஒரு தகப்பன் தன் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். பதினேழு நாள் பயணம். பெரிய நெடுஞ்சாலைகளை விட்டுவிட்டு ஊர் வீதிகளாகத் தேடிப் போகிறார்கள். காருக்குள் இருந்து பார்த்தால் எல்லாம் தொலைக்காட்சி மாதிரித்தான், மோட்டார் சைக்கிளில் நாமும் காட்சிக்குள்ளேயே இருக்கிறோம் என்கிறார். இது திருகோணமலைக்காரருக்கு உடனே விளங்கும். நிலாவெளிக்குப் பஸ்ஸில் போனால் சாம்பல்தீவுப் பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மோட்டார் சைக்கிளில் போனால் பாலத்துக்கு முன்னாலேயே காற்று மாறிவிடும். சேறும் மீனும் உப்பும் கலந்த மணம். சட்டைக்குள் குளிர் ஏறும்.

சரி, பயணத்துக்கு நடுவில் தத்துவம் எங்கே வருகிறது? ஒரு தகட்டுத் துண்டில் வருகிறது. கூட வரும் நண்பரின் விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவில் ஹேண்டில் பார் நழுவுகிறது. பியர் ரின்னை வெட்டி ஒரு துண்டு உள்ளே வைத்தால் இறுகிவிடும் என்கிறார் இவர். அலுமினியம் மெல்லியது, துருவும் பிடிக்காது. நண்பருக்கோ மனம் ஒப்பவில்லை. என் வண்டிக்குப் பியர் ரின்னா?

அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து நம் ஆட்களை நினைத்தேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலேயே ஓடினார்கள். என்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது என்று தெரியாதவர் இதைச் செய்ய முடியாது. பிர்சிக் ‘தரம்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கம் போகிறார். அந்தத் தரம் பொருளில் மட்டும் இல்லை, அதைத் தொடுகிற ஆளிடம் மட்டும் இல்லை, இரண்டும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது என்கிறார். மண்ணெண்ணெயில் ஓடிய அந்த வண்டிகளை நினைத்த பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது.

அப்புறம் அந்த ஸ்குரூ. இறுகிப்போய்க் கழற்ற முடியாத ஒரு ஸ்குரூவின் விலை சில சதம்தான். ஆனால் அது கழன்றால்தான் வண்டி ஓடும் என்றால், அந்த நேரத்தில் அந்த ஸ்குரூவின் மதிப்பு முழு மோட்டார் சைக்கிளின் விலைதான் என்கிறார். போன வருஷம் என் வண்டியின் பக்க மூடியைக் கழற்ற உட்கார்ந்தேன். மூன்று ஸ்குரூ வந்துவிட்டது. நாலாவது அசையவில்லை. அவசரத்தில் அழுத்தித் திருப்ப, தலையில் இருந்த வெட்டு மழுங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. அன்றைக்குக் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். அந்தப் புத்தகத்தால்தான் போனேன். மறுநாள் எண்ணெய் ஊறவிட்டு, அளவான ஸ்குரூ ட்ரைவரை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் கனவைச் சொல்கிறேன். ஏ15 வீதி. திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை, மட்டக்களப்பு. ஒரு காலத்தில் இந்த வழியில் துறைக்குத் துறை இறங்கிப் ‘பாதை’க்குக் காத்திருக்க வேண்டும். வண்டியையும் ஆளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் அந்த மிதவைக்கு நாங்கள் வைத்த பெயரே பாதைதான். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. இப்போது காத்திருக்கத் தேவையில்லை. விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால், வெருகல் முருகன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி ஆற்றில் கால் நனைக்கும்போது வெயில் ஏறியிருக்காது.

புத்தகத்தில் என்னைக் கலங்கவைத்தது அந்த மகன்தான். பயணம் முழுக்க அவனுக்குத் தெரிவது தகப்பனின் முதுகு மட்டும். கடைசியில் மிதியில் ஏறி நின்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறான், முன்னால் வீதி தெரிகிறது. போன கிழமை என் மகளை ஏற்றிக்கொண்டு உப்புவெளிக்குப் போனபோது அவளும் சொன்னாள்: “அப்பா, ஒண்டுமே தெரியேல்ல, உங்கட முதுகுதான் தெரியுது.”

அவளுக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன். செயினும் இறுக்கியாயிற்று. மாரி முடியட்டும். கிண்ணியாப் பாலத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, அவளை இறக்கி முன்னால் நடக்கவிடப் போகிறேன். கொட்டியாரக் குடாவை முதலில் அவள் பார்க்கட்டும்.