படத்தின் மூலையில் ஒரு பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

வெப்பாலை மரத்தின் தாவரவியல் பெயர் ரைட்டியா. "அது ராபர்ட் வைட் பெயரா சார்?" என்று நான் பாடம் நடத்திய காலத்தில் வருஷம் தவறாமல் யாராவது கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ரைட் வேறு ஆள், வில்லியம் ரைட். நான் பேச வந்தது தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிப் படநூலாக்கிய வைட்டைப் பற்றி.

1796-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு, 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராக இந்தியா வந்தார். 1826-இல் சென்னை அரசாங்கம் அவரை இயற்கையியலாளர் பதவியில் அமர்த்தியது. இரண்டே வருஷம்தான். சிக்கனம் என்று சொல்லி அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள்! மனிதர் மறுபடி ராணுவ மருத்துவராக நாகப்பட்டினம் போனார். பகலில் நோயாளிகள், மிச்ச நேரத்தில் செடிகள்.

செடி சேகரிப்பது என்றால் பறித்துப் பையில் போடுவது அல்ல. பூவும் காயும் இலையும் தெரிகிற மாதிரி தாளில் பரப்பி, மேலே பாரம் வைத்து அமுக்க வேண்டும். ஈரத்தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் அசந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும், அப்புறம் பூச்சி. இவ்வளவையும் தாண்டி, 1831-இல் அவர் விடுப்பில் ஊர் போனபோது கொண்டுபோனவை சுமார் 1 லட்சம் மாதிரிகள். எடை 2 டன். அவற்றை வைத்து, வாக்கர் ஆர்நாட் என்ற நண்பரோடு சேர்ந்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1834-இல் ஒரு நூல் வெளியிட்டார். முதல் பாகத்தோடு அது நின்றுபோனது.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய படநூல்தான். 1838 முதல் 1853 வரை, 6 தொகுதிகளில் 2101 படங்கள். எல்லாம் கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் ஏறியிருக்கும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், ஈரத்தில் மை ஒட்டாது, கோட்டில் மட்டும் ஒட்டும். செம்புத்தகட்டில் செதுக்குவதைவிடச் செலவு குறைவு.

வரைந்தது யார்? முதலில் ரங்கய்யா, அவருக்குப் பின் கோவிந்து. இருவரும் நம் பக்கத்து ஓவியர்கள். இப்போது அந்தப் படங்களைக் கைபேசியிலேயே பார்க்கலாம். ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுக் கிளைக்கும் கீழே, பூவைப் பிரித்து மகரந்தத்தாள் தனி, சூலகம் தனி, குறுக்கே வெட்டிய காய் தனி. இலை நரம்பில் ஒரு கோடு தடுமாறியிருக்காது. இன்னும் கீழே, மூலையில், கண்ணை இடுக்கினால்தான் தெரிகிற எழுத்தில் "ருங்கியா" என்று இருக்கும். ரங்கய்யாவை வெள்ளைக்காரர்கள் எழுதியது அப்படி. அந்தக் காலத்துப் புத்தகங்கள் பலவற்றில் நம் ஓவியர்களுக்கு அந்த மூலைகூடக் கிடைக்கவில்லை.

கோவை நேயர்களுக்கு ஒரு செய்தி. 1842 முதல் பதினோரு வருஷம் வைட் உங்கள் ஊரில்தான் இருந்தார். அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிராக்க வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அமெரிக்காவில் சரிப்பட்ட விதையும் பருவமும் இங்கே அப்படியே சரிப்படுமா? திட்டம் தேறவில்லை. ஆனால் படநூலின் கடைசித் தொகுதிகள் அந்தக் கோவை வருஷங்களில்தான் வந்தன. 1853-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், ரெடிங் அருகே நிலம் பார்த்துக்கொண்டு, 1872-இல் காலமானார்.

வைட் பெயரைத் தாங்கிய செடிகள் ஏராளம். படநூலின் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய செடிவகைகளின் குழுவுக்கு, அவர் தம் ஓவியர் பெயரை வைத்தார்: கோவிந்தூவியா. நல்ல மனசுதான். ஆனால் அந்தச் செடி, டிரோப்பிடியா என்று ஏற்கெனவே பெயர் பெற்ற பேரினத்தைச் சேர்ந்ததென்று பிறகு தெரிந்தது. முந்திய பெயர்தான் செல்லும் என்பது விதி. கோவிந்தூவியா இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில், சாய்வெழுத்தில் இருக்கிறது.

வணக்கம்.