யார் ரத்தம் வேண்டாம்?

(தடைக்காலத்தில் பாம்பனில் நடந்த ரத்ததான முகாமில் பேசியது)

வணக்கம். படகெல்லாம் கரையில் நிற்பதால் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்களில் யாரையெல்லாம் திருப்பி அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி.

அமெரிக்காவில் 1941இல் போருக்காக ரத்தம் சேர்த்தபோது, செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பர்களின் ரத்தத்தை வாங்க மறுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறு வருடம் வாங்கிக்கொண்டது. ஆனால் லேபிள் ஒட்டித் தனியாக வைத்தது. அந்த ரத்த வங்கிப் பணியைத் தொடங்கி நடத்திய மருத்துவர் சார்லஸ் ட்ரூவே கறுப்பர்தான்! ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குச் சேருமா என்று சொல்லும் ஏ, பி, ஓ பிரிவுகளை விஞ்ஞானி லாண்ட்ஸ்டைனர் 1901லேயே சொல்லிவிட்டார். தோல் நிறம் பார்க்கத் தேவையில்லை என்று டாக்டர்களுக்குத் தெரியாதா என்ன? அந்த லேபிளைச் சங்கம் 1950இல்தான் கிழித்தது. நம் டீக்கடை இரட்டைக் குவளைக்கு அண்ணன் அது.

சரி, நம் கதைக்கு வருவோம். 2017இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி திருநங்கையர், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் ரத்தம் கொடுக்க நிரந்தரத் தடை. காரணம் எச்.ஐ.வி. அந்தப் பயம் பொய்யில்லை. கிருமி புகுந்த முதல் சில நாள் எந்தச் சோதனையிலும் அகப்படாது. அதனால் கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பல பேரோடு உறவு வைத்திருப்பவர்களுக்கும் அதே விதியில் தடை உண்டு. ஆனால் அவர்களாக வாய் திறந்தால்தான் தெரியும். திருநங்கைக்கு அந்த வசதி கிடையாது.

இந்தக் கரையிலேயே ஒரு முகாமில் பார்த்தேன். கருவாடு விற்கும் திருநங்கை, அக்கா மகள் பிரசவத்துக்காக வந்திருந்தார். விரலில் ஊசி குத்திப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க வேணாம்க்கா, ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றார் மேஜையில் இருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். அடுத்து நின்றவரிடம், "கெட்ட பழக்கம் ஏதும் உண்டாண்ணே?" "சேச்சே!" கையெழுத்து. கட்டில்.

பிரிட்டன் 2021இலும் அமெரிக்கா 2023இலும் முறையை மாற்றிவிட்டன. ஆணோ பெண்ணோ, எல்லோரிடமும் ஒரே கேள்விகள்: கடந்த மூன்று மாதத்தில் புதிதாக யாரோடாவது உறவு உண்டா, எப்படிப்பட்ட உறவு? இங்கே மணிப்பூரின் திருநங்கை செயற்பாட்டாளர் சாந்தா குராய், இந்தத் தடையை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றம் போனார்.

தீர்ப்பு வரும்போது வரட்டும். அமைப்பாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படிவம் நிரப்பும் மேஜையைப் பந்தலுக்கு நடுவில் போட்டிருக்கிறீர்கள். மாமனும் மச்சானும் பின்னால் நிற்கும்போது எந்த ஆம்பளை உண்மையைச் சொல்வான்? மேஜையை அந்த வலைக் கூடத்துக்குள் மாற்றுங்கள். கேள்வி கேட்பவரும் வெளியூர்க்காரராக இருக்கட்டும்.