ஆமா, இது ஆம்தான்

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை பிறந்துவிட்டால் சேலம் கடைவீதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மாம்பழ வாசனைதான். போன வருஷம் மல்கோவா வாங்கப் போயிருந்தேன். கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன் ஒருவன் கூடையைக் காட்டி, "ஆம்?" என்றான். பழக்கார அம்மா, "ஆமா" என்றார். அவன் விரலை நீட்டி மறுபடியும், "ஆம்?" என்றான். "ஆமாங்கறேன்ல, எத்தனை கிலோ வேணும்?" என்று தராசையே தூக்கிவிட்டார்! வியாபாரம் நடந்தது. இவர் தமிழிலும் அவன் இந்தியிலுமாகப் பேசியே முடித்துவிட்டார்கள்.

இந்தியில் ஆம் என்றால் மாம்பழம். வடமொழி ஆம்ரம் தேய்ந்து அப்படி ஆனது. நம்முடைய ஆம், ஆகும் என்பதன் குறுக்கம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்திக்குள்ளேயே இன்னொரு ஆம் உண்டு. சாதாரணம் என்று பொருள், அது அரபியிலிருந்து வந்தது.

ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மச்சான் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் சேலத்துக்கு நம்மூர்க்காரன்தான் பேர் வைத்தான் என்று கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சத்தியம் செய்வார். ரசம் வந்துவிடும், பேச்சு முடியாது. மாசசூசெட்ஸில் 1626-ல் குடியேறியவர்கள் உண்டாக்கிய ஊர் அது. பேர் விவிலியத்திலிருந்து எடுத்தது, எபிரேயத்தில் அமைதியைக் குறிக்கும் ஷாலோம் என்ற சொல்லோடு உறவுள்ளது. அந்த அமைதி ஊரில்தான் 1692-ல் சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள்! நம் சேலத்தைச் சேரலம் என்பார்கள் சிலர். மலை என்று பொருள்படும் சைலம் என்பார்கள் சிலர். சேர்வராயன் மலை தலைமாட்டில் நிற்கிற ஊருக்கு அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. எப்படி இருந்தாலும் எபிரேயம் இல்லை. மச்சான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

மனிதர் வாயில் வருகிற ஒலிகள் கொஞ்சம், சொல்ல வேண்டிய விஷயமோ ஏராளம். இடித்துக்கொள்ளாமல் எப்படி இருக்கும்? காதுக்கு ஒன்றாகக் கேட்கிறது என்பதற்காகச் சம்பந்தம் பேசிவிடக் கூடாது. பழைய வடிவம் என்ன, யார் வழியாக வந்தது என்று குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். சரி, ஒன்றே ஒன்று. ஜப்பானில் மங்கா என்றால் படக்கதை. போர்ச்சுகல்லில் சட்டைக் கையும் மாங்கா, மாம்பழமும் மாங்கா. இதில் மாம்பழம் மட்டும் மெய்யான சொந்தம். நம் பக்கத்து மாங்காய்தான் கப்பலேறிப் போனது. சட்டைக் கை லத்தீன் வழி வந்தது, அந்தக் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். வணக்கம்.